பாய் கடை ஆர்டர் லிஸ்ட்டில் கடைசி வரி

மெடிக்கல் ஷாப் பாய் இறந்துவிட்டார்.

சாயங்காலம் அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்கப் போனேன். ஷட்டர் மூடிக் கிடந்தது. பக்கத்து டீக்கடை அண்ணன்தான் சொன்னார்... காலையில் நெஞ்சுவலியாம். உடம்பைச் சொந்த ஊருக்கு, பாலக்காட்டுக்கே கொண்டு போய்விட்டார்களாம்.

ஒருமுறை முகத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை.

நம் ஊர்க் குரூப்பான இதில் பெயர் காட்டாமல் போடலாம் என்பதால்தான் எழுதுகிறேன். இது அப்பாவின் போன். அப்பா வாட்ஸ்அப் மட்டும்தான் பார்ப்பார், இந்தப் பக்கம் வரமாட்டார். எல்லோரும் தூங்குகிறார்கள், போர்வைக்குள் இருந்து டைப் செய்கிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

வண்டிப்பெரியாரில் பாயைத் தெரியாதவர்கள் இல்லை. எஸ்டேட் ஆட்களுக்கு மாத்திரை கொடுக்கும்போது அவர் மணி சொல்லவே மாட்டார். தேயிலை ஃபேக்டரி சங்குதான் கணக்கு. "முதல் சங்குக்கு ஒண்ணு, சாப்பாட்டுச் சங்குக்கு ஒண்ணு, ராத்திரி சோத்துக்கு அப்பறம் ஒண்ணு." கவரிலும் அப்படியே எழுதிக் கொடுப்பார்.

என் அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாத்திரையை மறந்துவிடுவாள். அன்றைக்குச் சங்கு ஊதாதே.

பாயிடம் சொன்னேன். கண்ணாடியை இறக்கிவிட்டு முறைத்தார். "அதுக்கு? நான் உங்க லயத்து வீட்டு வாசல்ல வந்து நின்னு ஊதட்டுமா? ஞாயித்துக்கிழமை நீதான் சங்கு, கண்ணு. போ."

அந்த மாத்திரை எதற்கு என்று கேட்டால் வீட்டில் "சின்னக் கட்டி" என்பார்கள். ஆஸ்பத்திரி ஃபைலைப் படித்து நானாகத் தெரிந்துகொண்டேன். கேன்சர்.

எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. "பிள்ளை படிக்குது, அதுகிட்ட ஒண்ணும் சொல்லிறாதீக" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான் ஒன்றும் தெரியாமல் இருக்கிறேன் என்பதுதான் அவளுக்கு இருக்கிற ஒரே நிம்மதி.

பிளஸ் ஒன்னில் என்சைம் பாடம் நடந்த நாட்களில் வீட்டில் அப்பா போனில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பக்கம் வந்தது. கேன்சர் செல்கள் ஒரு என்சைமை வைத்து, நம் உடம்பைக் காக்கிற செல்களை மந்தமாக்கிவிடுமாம். அந்த என்சைமைத் தடுத்துவிட்டால் காவல் செல்கள் விழித்துக்கொண்டு சண்டை போடலாமாம்.

கீழே ஒரு குட்டி பாட்டில் படம், வெள்ளைப் பவுடர். பெயர்கூட இல்லை... மூன்று ஆங்கில எழுத்து, பிறகு எண்கள். ஆராய்ச்சிக்கு மட்டும் என்று போட்டிருந்தது. ஆராய்ச்சி என்றால் எல்லாவற்றையும்விட நல்ல மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டில் எழுதிக்கொண்டு போய்ப் பாயிடம் நீட்டினேன்.

"யாருக்கு?"

"ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு."

அம்மாவின் மருந்துச் சீட்டு எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். ஆனாலும் வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. திங்கட்கிழமை மொத்த விற்பனைக் கடைக்கு அனுப்புகிற லிஸ்ட்டில், பேண்டேஜுக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினார். "வந்தா கூப்பிடறேன், நம்பர் சொல்லு" என்றார். என்னிடம் இருந்தது அப்பா நம்பர்தான், அதையே பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் போனபோது குரலை இறக்கிச் சொன்னார். "அது மருந்து இல்லியாம் கண்ணு. மருந்தாகுமான்னு லேப்ல வச்சுப் பாக்கற பவுடராம். மனுசங்களுக்குக் குடுக்கக் கூடாதாம். இப்பத்தான் எலிக்குக் குடுத்துப் பாக்கறாங்களாம். மொத்தக் கடைக்காரன் என்னையப் புடிச்சு ஏசிட்டான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு யாராவது அழுவார்களா...

கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். பாய் அவர்களைப் பார்த்து, "பிளஸ் ஒன் பாடம், ரொம்பக் கஷ்டமுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "லிஸ்ட்டுல இருந்து அடிச்சரட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் புது லிஸ்ட்டின் கடைசியில் அந்த எழுத்தும் எண்களும், பக்கத்தில் அப்பா நம்பரும் இருந்தன. நான் போகும்போதெல்லாம், "பாய், ப்ராஜெக்ட்?" என்பேன்.

"வரலை. அவனுக இன்னும் எலிகிட்டயே பேசிட்டிருக்கானுக."

ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு போனேன். நான் கேட்பதற்கு முன்பே, "எலி இன்னும் ஒண்ணும் சொல்லலை" என்றார். வெகு நாளைக்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்கு என்ன என்று எனக்குத் தெரியும் என்பதைத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால்... பாயின் மகன் அன்வர் அண்ணன் இந்தக் குரூப்பில் போட்டிருந்ததைப் பார்த்தேன். மூன்று நாளில் கடை திறப்பாராம். வாப்பாவிடம் மருந்து சொல்லி வைத்தவர்களை லிஸ்ட் பார்த்து அவரே போனில் கூப்பிடுவாராம்.

அன்வர் அண்ணா, கடைசி வரியில் இருக்கிற போன் நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அம்மா பக்கத்திலேயே இருப்பாள்.

ஆனால் அந்த வரியை அடிக்கவும் வேண்டாம். திங்கட்கிழமை லிஸ்ட் எழுதும்போது கடைசியில் அதையும் எழுதிவிடுங்கள். மொத்தக் கடைக்காரர் ஏசுவார். பாய் ஒவ்வொரு வாரமும் அந்த ஏச்சை வாங்கிக்கொண்டார்.

நாளைக்கு ஞாயிறு. சங்கு இல்லை.

அம்மாவை நான் எழுப்பி மாத்திரை கொடுத்துவிடுவேன். நீங்க போய்ட்டு வாங்க பாய்.