அகலத் திரையில் குறுக்கு வார்கள்

ஆம்பூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த செருப்புக் கம்பெனியின் டிசைன் அறைக்கு ஓர் அகலமான புதிய கணினித் திரை வந்தது. பொருத்தியவர், படம் திரை முழுக்கப் பரவும்படி வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லாம் அகலவாக்கில் சற்று இழுபட்டுத் தெரிந்தன. யாரும் கவனிக்கவில்லை. அதுவரை நாங்கள் வரைந்த மாதிரிகளில் வார்கள் நெடுக்காகவோ படுக்கையாகவோ போயின. அந்தக் கோடுகளை எவ்வளவு இழுத்தாலும் அவற்றின் செங்கோணம் கெடாது.

அந்தத் திரை என் பக்கத்து மேசை அக்காவுக்கு வந்தது. கீழே தையல் லைனில் மிஷின் ஓட்டிக்கொண்டே மாலை வகுப்பில் டிசைன் படித்தவர் அவர். சோதனையாகச் சில மாதங்களுக்கு மேலே டிசைன் அறைக்கு அழைத்திருந்தார்கள். மாதிரி ஒன்று பிசகினாலும் திரும்ப லைனுக்குத்தான் போக வேண்டும். அது அறையில் எல்லோருக்கும் தெரியும். பொறியியல் முடித்துப் பயிற்சிக்கு வந்த எனக்கு அந்த மாதிரிப் பயம் எதுவும் இல்லை.

அன்று அவர் வரைந்த செருப்பில் இரண்டு சாய்ந்த வார்கள் குறுக்கே போயின. அவை செங்குத்தாக வெட்டிக்கொள்ள வேண்டும் என்று வாங்குபவர் கேட்டிருந்தார். மாலையே மாதிரி போயாக வேண்டும். மேனேஜர் சார் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா இது, கோணலா நிக்குது? சரி பண்ணி கட்டிங்குக்கு அனுப்பு."

"கோணல் இல்ல சார். ஸ்க்ரீன்தான் அகலமா இழுத்துக் காட்டுது. கோணம் தொண்ணூறுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க."

"அதே கம்ப்யூட்டர்தான கோணலாவும் காட்டுது? எத நம்புறது?"

சார் சொன்னபடி திருத்தினால் திரையில் அழகாக இருக்கும், செருப்பு கோணலாக வரும், பழி அக்காவின் மேல் விழும். திருத்த மறுத்தால் சாரின் கண்ணையே சந்தேகிப்பதாகும். அக்கா குரலை உயர்த்தவில்லை. வாங்குபவர் அனுப்பிய தாளிலிருந்த அளவுகளை எடுத்து, ஒரு துண்டுத் தோலில் வெள்ளி மைப் பேனாவால் எழுதினார். முதல் வார் அறுபது மில்லி வலப்பக்கம் போகும்போது நாற்பது மேலே ஏறுகிறது. சாய்வு மூன்றில் இரண்டு. மற்றது நாற்பது போகும்போது அறுபது கீழே இறங்குகிறது. சாய்வு கழித்தல் இரண்டில் மூன்று. பெருக்கினால் கழித்தல் ஒன்று; அப்படி வந்தால் இரண்டும் செங்குத்து. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காக நான் எழுதிய அதே விதி. ஒருவரின் வேலையைத் தாங்கிக்கொண்டு அது நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"கணக்கு கரெக்ட்தான்மா. வாங்குறவன் கால்ல கணக்கா போடப் போறான்?" என்றார் சார். அறை சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

"இந்த வாரோட ரெண்டு ஓரத்தையும் பாருங்க சார், இணையா போவுதில்ல? இழுத்தா ரெண்டுக்கும் சாய்வு ஒரே மாதிரி கம்மியாவும், அதனால இணை இணையாவே நிக்கும். செங்குத்து அப்டி இல்ல. பெருக்குனா கழித்தல் ஒண்ணு வராது, கோணம் கெட்டுரும்."

சார் திரையில் அந்த வாரின் ஓரத்தில் விரலை ஓட்டினார். "சரி, ஒண்ணே ஒண்ணு வெட்டு."

வெட்டி வந்த தோலை மேசையில் விரித்து, செங்கோணம் பார்க்கும் இரும்பு மூலைமட்டத்தைச் சாரே வைத்துப் பார்த்தார். திருப்பிப் போட்டும் பார்த்தார். எங்கும் இடைவெளி இல்லை. "மொதல்ல அந்த ஸ்க்ரீன சரி பண்ணச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

இன்று அந்த அக்கா வாணியம்பாடியில் ஒரு டிசைன் அறைக்கே பொறுப்பாளர். நான் வேறு கம்பெனியில் இருக்கிறேன். மாதிரியை அனுப்புமுன் நான் சரிபார்ப்பவற்றில் கடைசி வரி சாய்வுகளின் பெருக்கல். கணினி சொன்னாலும் ஒருமுறை கையால் போட்டுவிடுவேன். போடும்போதெல்லாம், அன்று சார் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல் அக்காவிடம் சொன்னது காதில் விழும்: "கீழ லைன் ரேக்குலதான சாப்பாட்டுப் பை வெக்கிற? நாளைலேர்ந்து மேலயே வெச்சுக்கம்மா."