எட்டுப் படமும் குலுக்கல் சீட்டும்

பொன்னேரியில் என் நைனா வீட்டுப் பரணிலிருந்து நான் கிளப்பிக்கொண்டு வந்த சொத்து, ஒரு பழைய பெட்டிக் கேமரா. இப்போது கிடைக்கும் ஃபிலிம் சுருள் அதற்குள் போகவில்லை. சுருளின் பிளாஸ்டிக் விளிம்பு கொஞ்சம் பெரிது. என் வீட்டுக்காரர் நகவெட்டியால் சுற்றிலும் கடித்துக் கடித்துச் சின்னதாக்கினார். படத்தின் எண் தெரியும் சிவப்பு ஜன்னலில் கறுப்பு டேப் ஒட்டினேன். இந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமும் ஆகாதாம்.

மொத்தம் எட்டுப் படம். ஒன்றிலாவது நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. போனை நீட்டினாலோ, இவருக்கு உடனே படகில் வேலை வந்துவிடும்.

இவர் செய்த காரியம் என்ன தெரியுமா? எங்கள் குப்பத்தில், ஏரியில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். என் எட்டுப் படத்துக்கும் ஊரைக் கூட்டிப் பாடு குலுக்கிவிட்டார்!

"இன்னாயா இது? கேமரா எங்க நைனாவுது. நம்ம சீட்டு எங்க?"

"வுழல. அடுத்த தபா பாத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் கேமராவை ஏரியில் வீசியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டு விழுந்த எட்டு வீட்டையும் எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, டேப்பைத் தூக்கி, அடுத்த எண் தெரியும்வரை குமிழைக் கையால் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும். கூச்சலில் அது எத்தனையாவது எண் என்று யார் கவனித்தார்கள்?

எல்லாரும் போனபின் திருகி, டேப்பைத் தூக்கினால், எட்டு என்று நிற்கிறது. அதாவது எட்டாவது படம் இன்னும் எடுக்காமல் மிச்சம். எங்கோ நான் திருக மறந்ததில் இரண்டு வீடு ஒரே படத்தில் விழுந்திருக்கிறது.

"யார் பாடு கெட்டுச்சோ, அவங்களுதுடி இது. நாம எடுக்கக் கூடாது" என்றார்.

"யாருதுனு கழுவுனாதான தெரியும்? வந்து நில்லு."

கவிழ்த்திருந்த படகின் மேல் கேமராவை வைத்து, விசையில் தூண்டில் நரம்பைக் கட்டினேன். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நரம்பை மெல்ல இழுத்தேன்.

சென்னையில் கழுவி வந்த படங்களில், தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத என் ஓரகத்திகள் இருவரும் ஒருத்தி மேல் ஒருத்தியாக நின்றிருந்தார்கள். இருவரும் சிரித்தார்கள், ஆனால் தனித்தனியாக. அடுத்த சுருளில் முதல் இரண்டு படமும் அவர்களுக்கென்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கள் படத்தைச் சுவரில் மாட்ட மட்டும் விடவில்லை. அதனால் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். புடவை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பேன். ஊரான் பாடு ஒன்றைத் திருடிய முழி முழித்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று கரையையே பார்க்கிறார். என் கையை மட்டும் விடவில்லை.