ஒரு மயிரிழை எழும்பின லைனர்

மொதல்லயே சொல்லிடறேன், அந்தக் கார எனக்குப் புடிக்காது. ஷெட்டுக்கு வர்றவங்கல்லாம் அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துப்பாங்க. "இன்னாண்ணே, இத்தாலி காரா? குடுத்து வெச்ச ஆளுண்ணே நீ"ம்பாங்க. குடுத்து வெச்ச லட்சணத்த என் முட்டியக் கேட்டாத் தெரியும். கள்ளக்குறிச்சியில முப்பது வருசத்துக்கு மேல ஜீப்பு, டிராக்டர், டாக்சின்னு பாத்துக்கினு கெடந்தவன் நான். டாக்டரம்மா, அவங்கப்பா வெச்சிருந்த அந்த ரெண்டு கதவு காரக் கொண்டாந்து நிறுத்தின நாள்லேர்ந்து யானையக் கட்டித் தீனி போடற பொழப்பாப் போச்சு.

எஞ்சின் அழகு. இல்லன்னு சொன்னா வாய் அழுகிடும். நாலு சிலிண்டர்தான். ஆனா மேல மூடியா இருக்கற ஹெட்டு, கீழ பிளாக்கு ரெண்டும் அலுமினியம். வால்வ தெறந்து மூட மேல ரெண்டு கேம் ஷாப்ட்டு, பக்கத்துல படுத்தாப்ல ரெண்டு கார்புரேட்டரு. ஆக்சிலேட்டர ஒரு மிதி மிதிச்சா ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க, ரோட்ல போறவன் திரும்பாம போவ மாட்டான். அத வரைஞ்சவன் கெட்டிக்காரன். ஆனா அந்த மவராசன் தன் கையால ஒரு நாளும் அதக் கழட்டிப் பூட்டியிருக்க மாட்டான். நம்மூரு வண்டியில வால்வுக்கு கேப்பு வெக்கணும்னா ஸ்க்ரூவ அரைத் திருகு திருகினா ஆச்சு. இதுல கேம் ஷாப்ட்டையே தூக்கணும். கீழ இருக்கற குட்டி வில்லைய எடுத்து, அளந்து, வேற தடிமன்ல ஒண்ணு போட்டு, மறுபடி பூட்டி, மறுபடி அளக்கணும். எட்டு வால்வு. ஒண்ணு தப்பினாலும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

"இது நம்பற எஞ்சினா இல்லையா மேஸ்திரி?"ன்னு டாக்டரம்மா ஒருவாட்டி கேட்டாங்க. "தாராளமா நம்பலாம்மா. ஆயிலு, தண்ணி, சூடு மூணையும் வேளைக்குப் பாக்கணும். சோம்பேறிக்கு ஒத்து வராது"ன்னேன். பெருசாப் பேசிட்டேன்.

பிஸ்டன் ஏறி எறங்கற இரும்புக் குழாய்க்கு லைனர்னு பேரு. இந்த எஞ்சின்ல அது சும்மா சொருவித்தான் இருக்கும். சுத்தித் தண்ணி ஓடும். அடியில மெலிசா ஒரு ரப்பர் சீல். மேல ஹெட்டு அமுக்கிப் புடிச்சிருக்கறதாலதான் லைனரு எடத்துல நிக்குது. அதனால ஹெட்டக் கழட்டினதும் இரும்புப் பட்டைய வெச்சு, போல்ட்டு முடுக்கி, நாலு லைனரையும் அமுக்கிட்டுத்தான் பிஸ்டன ஏத்தி எறக்கற கிராங்க சுத்தணும். இல்லன்னா பிஸ்டன் ஏறும்போது லைனரையும் தூக்கிடும், சீல் அசங்கிடும். அப்புறம் என்னிக்கு வேணாலும் தண்ணி ஆயில்ல எறங்கலாம். இது எனக்குத் தெரியாததில்ல. என்கிட்ட வேல பாத்தவனுங்கள இதுக்காகவே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்.

போன வருசம் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற கேஸ்கெட்ட மாத்தற வேல வந்துது. அன்னிக்குக் காலையிலேர்ந்து மரவள்ளி ஏத்தற டிராக்டர் ஒண்ணோட மல்லுக்கட்டினதுல மத்தியானம் சோறு கூட எறங்கல. சாயங்காலமா இந்த எஞ்சின்கிட்ட வந்தேன். பிஸ்டன் தலையில கரி. ரெண்ட சொரண்டியாச்சு, மத்த ரெண்டும் கீழ இருக்குது, கிராங்க சுத்தி மேல கொண்டாந்தாத்தான் சொரண்டலாம். லைனர அமுக்கற பட்டை ஷெட்டோட அந்தக் கோடியில தொங்குது. பத்தடி இருக்குமா? அந்தப் பத்தடி எழுந்து போவ ஒடம்பு வணங்கல. கை பாட்டுக்கு ஜீப்புல சுத்தற மாதிரி கம்பியப் போட்டு அரைச் சுத்து சுத்திடுச்சு. கர்ருன்னு ஒரு சின்ன சத்தம். ரெண்டாவது லைனரு மயிரிழை எழும்பி நிக்குது.

ஐயோன்னு இருந்துது. கட்டைய வெச்சுத் தட்டினேன், ஒக்காந்துடுச்சு. ஒசரத்த அளந்தேன், சரியாத்தான் இருந்துது. முறையாப் பாத்தா லைனர உருவிப் புது சீல் போடணும். சீல் வெளிநாட்லேர்ந்து வரணும், மாசக்கணக்காவும். எஞ்சின மொத்தமா எறக்கணும். என் முட்டிய நெனச்சேன், இடுப்ப நெனச்சேன். வாய மூடிக்கினு ஹெட்ட ஏத்திப் பூட்டிட்டேன்.

எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் வேல முடிஞ்சா வண்டிய கச்சிராயபாளையம் வழியா மலைக்கு ஏத்தி, வெள்ளிமலையில ஆற வெச்சு, எறக்கிக்கினு வந்துதான் சாவியக் குடுப்போம். மலையே பாஸ் போட்டுட்டா அப்புறம் எவன் கேள்வி கேக்கறது? அந்த ஞாயித்துக்கெழம டாக்டரம்மா தானே ஓட்டறேன்னு ஒக்காந்துட்டாங்க. நான் பக்கத்துல.

கோமுகி டேம் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சுது. வளைவுக்கு வளைவு அவங்க சந்தோசமா கியர் மாத்தறாங்க. நான் சூடு காட்டற முள்ளையே பாத்துக்கினு வந்தேன்.

"இன்னா மேஸ்திரி, மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி ஒக்காந்த மாதிரி வாயே தெறக்கல?"

"ஒண்ணுமில்லம்மா."

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. வழியில ரெண்டு எடத்துல நிறுத்தச் சொல்லி ஆயில் குச்சிய உருவிப் பாத்தேன். தண்ணி கலந்திருந்தா மோர் கலர்ல இருக்கும். இல்ல. வெள்ளிமலையில நிறுத்தியும் பாத்தேன். ஊத்தின மாதிரியே சுத்தமா இருந்துது. தப்பிச்சேண்டா சாமின்னு ஒரு டீய வாங்கிக் குடிச்சேன். சத்தியமா அப்ப எனக்கு வேற நெனப்பே இல்ல.

டாக்டரம்மாவும் டீயக் கையில வெச்சுக்கினு, "அடுத்த வாரம் குன்னூருக்குப் பொண்ணு வூட்டுக்குப் போறேன்"ன்னாங்க. "பேரன் பொறந்ததுலேர்ந்து கூப்பிடறா. இதுலயே, நான் மட்டும் தனியா. எல்லாரும் வேணாங்கறாங்க. நீங்க சொல்லுங்க மேஸ்திரி. உங்க வாயால போயிட்டு வாங்கன்னு சொன்னீங்கன்னா போறேன். இல்லன்னா இல்ல."

போயிட்டு வாங்க. ரெண்டே வார்த்தைதான். ஆயிலு சுத்தமா இருக்குது, முள்ளு அசையல, மலையே பாஸ் போட்டுடுச்சு. ஆனா அந்த ரெண்டு வார்த்தை எனக்கு வரல. டீ கிளாசக் கீழ வெச்சிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். பட்டை போடாம சுத்தினது, தட்டி ஒக்கார வெச்சது, மூடி மறைச்சது எல்லாம்.

"பத்து வருசம் ஓடினாலும் ஓடும்மா. ஆனா எங்கயாவது காட்டு ரோட்ல நீங்க தனியா இருக்கும்போது சீல் விட்டுடுச்சுன்னா, ஆயில்ல தண்ணி எறங்கி எஞ்சின் இறுகிப் போயிடும்."

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"மறுபடி கழட்டத் தெம்பு இல்லம்மா. அவ்ளோதான்."

அவங்க வண்டிய எடுத்தாங்க. எறக்கம் முழுக்க செகண்ட் கியர்லயே வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு ஒக்காந்திருந்தேன். திட்டட்டும், திட்டிட்டுக் கார வேற எங்கயாவது கொண்டு போவட்டும். உள்ளதச் சொன்னா அதுல எனக்கு ஒரு ஆசை கூட இருந்துது. அத்தோட தொல்ல ஒழிஞ்சுது, நான் கொஞ்சம் கால நீட்டிப் படுக்கலாம்.

டேம் கிட்ட வந்ததும் ஓரங்கட்டினாங்க. "உள்ள சந்தேகத்த வெச்சுத் தைச்சு ஒரு பேஷண்டையும் நான் வூட்டுக்கு அனுப்பினதில்ல. நான் குன்னூருக்கு பஸ்ல போய்க்கறேன். சீலுக்குச் சொல்லிடறேன், வந்ததும் மறுபடி கழட்டுங்க."

"என்னால ஆவாதும்மா"ன்னேன். "சென்னையில நல்ல ஆளுங்க இருக்கறாங்க. அங்க குடுத்துடுங்க."

"அவங்கல்லாம் தப்பே பண்ண மாட்டாங்களா?"

"மனுசன்தானம்மா, பண்ணுவாங்க."

"பண்ணிட்டா என்கிட்ட வந்து சொல்லுவாங்களா?"

எனக்கு ஆத்திரமா வந்துது. அழுகையும் வந்துது. இந்தம்மா ஒரு வார்த்த திட்டியிருந்தா என் பாரம் எறங்கியிருக்கும். ஜன்னல் பக்கமாத் திரும்பி மொகத்தத் தொடச்சிக்கினேன்.

"சீல் வந்த அன்னிக்கு எட்டு மணிக்குள்ள கார விட்டுடுங்கம்மா"ன்னு சொன்னேன். "அதுக்கு மேல போனா ரோட்டுல கரும்பு லாரிங்க நிக்கும்."