இடம் வலம் மாறிக் கடித்தது

"கல்யாணம் ஆகாத குமரிக்கு வயித்துக்குள்ள கெடக்குறதப் பத்தி என்னத்தா தெரியும்?" என்று அத்தை கேட்டாள். முறத்தில் கிடந்த மொச்சையைப் புடைத்துக்கொண்டே சிரித்தாள். "மதுரையில டார்ச் லைட்டு அடிச்சுப் பாத்துட்டு வந்தாளாக்கும்."

நான் அப்போது மதுரையில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புவரை படித்தவள் நான் ஒருத்திதான். அக்கா ஆடு மேய்க்கப் போனதால் நான் திண்டுக்கல்லுக்குப் படிக்கப் போக முடிந்தது. அந்த அக்காவை அப்பாவின் தங்கை மகனுக்கே கொடுத்திருந்தோம். எரியோட்டுப் பக்கம், கொஞ்சம் மானாவாரிக் காடும் ஒரு கிணற்றுத் தோட்டமும் உள்ள வீடு. அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாதவர்கள் ஊரில் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் மாதம் ஒரு முறை அக்காவை ஏதோ ஒன்று உள்ளே இருந்து கடித்தது.

நானே பார்த்தேன். ஒரு விடுமுறையில் இருவரும் தக்காளி பறித்துக்கொண்டிருந்தோம். உச்சிப்பொழுது. காற்று நின்றுபோய், காட்டில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அக்கா பேச்சின் நடுவில் நின்றாள். கூடை சாய்ந்து பழங்கள் உருண்டன. தொப்புளுக்குக் கீழே இடது ஓரத்தில் ஒற்றை விரலை ஊன்றிக்கொண்டு, யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்தாள்.

"வந்துருச்சு. இந்தத் தடவ இடது பக்கம். போன மாசம் வலது பக்கம்."

"எது வந்துருச்சு?"

"உள்ள இருக்குறது."

வீட்டுக்குத் தூரமாகும்போது வருகிற வலி எனக்குத் தெரியும். இது அது இல்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, ஒரு வாரத்துக்கு மேல் ஆகி, உடம்பு தெளிந்து முகம் மினுக்கமாக இருக்கும் நேரம் பார்த்து அது வரும். சில மாதம் சேலையில் ஒரு பொட்டு இரத்தம்கூட இருக்கும். மறுநாள் ஒன்றும் இருக்காது.

உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் அத்தை கேட்டிருந்தாள். "மாசாமாசம் கரு தங்குது. தங்குற அன்னைக்கே அது வந்து தின்னுட்டுப் போகுது. அந்நேரம் புருசன் பக்கத்துல போனா அவன் ரத்தத்தையும் குடிச்சிரும்" என்று அவர் சொன்னார். அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. கடிக்கிற நாள் நெருங்கும்போதே மச்சான் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். கடித்ததும் அக்காவை மானாவாரிக் காட்டுக் கூரைக்கொட்டகையில் விட்டு, வாசலில் வேப்பங்குழை செருகுவார்கள். பேய் இறங்கிவிட்டது என்று அத்தைக்குத் திருப்தியான பிறகுதான் இருவரும் வீடு சேர்வார்கள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பிள்ளை வரவேண்டும் என்றுதான் அவ்வளவு பயபக்தியாகச் செய்தார்கள்.

பயிற்சிப் பள்ளியில் இரண்டு படங்கள் இருந்தன. பெண்ணின் உள்ளுறுப்புப் படம் சுவரில் தொங்கியது. ஆணின் படம் சுருட்டியபடி அலமாரி மேல் கிடந்தது. பாடம் எடுத்த அம்மாள், "அத நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் அதை எடுத்து, தூசி தட்டி, தரையில் விரித்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுப் போவதற்கு நான் அவ்வளவு தூரம் வரவில்லை.

பெண்ணின் படத்தைத்தான் என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. கருப்பை, கொம்பு வைத்த ஓர் ஆட்டுத் தலையைப்போல இருந்தது. இரண்டு கொம்புகளும் இரண்டு குழாய்கள். ஒவ்வொரு குழாயின் நுனியிலும் விரித்த விரல்கள். விரல்களுக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, நாவல்பழம் அளவில் சினைப்பை. அம்மாள் பிரம்பால் தொட்டுக் காட்டினார். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு சினைப்பையின் தோல் வெடித்து, மணலிலும் சிறிய ஒரு முட்டை வெளியே வரும். விரல்கள் அதைத் துழாவிப் பிடித்துக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். "வெடிக்கிறப்ப சில பொம்பளைகளுக்கு அடிவயித்துல ஒரு பக்கமாச் சுருக்குனு வலிக்கும். மாசத்துக்கு மாசம் பக்கம் மாறலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்.

என் பென்சில் நின்றது. பேய் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வரவேண்டும். எனக்கு அது வரவில்லை. அக்கா சரியாகத்தான் சொல்லியிருந்தாள். உள்ளே ஒன்று இருக்கிறது. இடமும் வலமும் மாறுகிறது. இருட்டில் விரல்களை அசைத்துக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த எங்கள் அத்தனை பேருக்குள்ளும் அது இருந்தது. நான் என் வயிற்றின்மேல் புத்தகத்தை வைத்து மூடிக்கொண்டேன்.

ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னது அந்த வாரம்தான். அக்காவின் முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்கப் போகிறார்கள். பேயை மரத்தோடு கட்டுவது அது. அடித்த பிறகும் கடித்தால், அது வீட்டைக் கெடுக்கும் சாதி, பெண்ணைப் பிறந்த வீட்டில் விட்டுவிட வேண்டும் என்பது கோடாங்கியின் வாக்கு. அத்தை கன்னிவாடியில் ஒரு பெண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். தை பிறந்தால் மச்சானுக்குக் கல்யாணம்.

ஆணி அடித்தாலும் அடுத்த மாதம் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லப் போனபோதுதான் அத்தை முறத்தோடு உட்கார்ந்து அப்படிக் கேட்டாள். நான் விடவில்லை. மச்சானையும் டாக்டரிடம் காட்டலாமே என்றேன். அத்தையின் சிரிப்பு நின்றது.

"ஆம்பளைக்கு என்னடி காட்டுறது? எம் மகன் ஒத்தக் கையில மோட்டாரத் தூக்குறவன். வாய மூடிக்கிட்டு உள்ள போ."

மறுநாள் உச்சியில் எல்லோரும் மரத்தடிக்குப் போனோம். அந்த மரத்தை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. அடிமரம் முழுவதும் துருப்பிடித்த ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கற்றை முடி. சில நரைத்து வெளுத்திருந்தன; சிலவற்றில் இன்னும் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தது. இலை அசையாத வெயிலில் அந்த முடிகள் மட்டும் மெல்ல அசைந்தன.

கோடாங்கி சாம்பலால் தரையில் ஓர் உருவம் போட்டார். முதலில் ஒரு தலை. தலையின் இரண்டு பக்கமும் வளைந்த கொம்புகள். கொம்பு நுனியில் விரித்த விரல்கள். "இதுதான் உள்ள உக்காந்துருக்குறது" என்றார். பள்ளிச் சுவரில் தொங்கிய படம் மண்ணில் கிடந்தது. அவர் எழுத்து வாசனை இல்லாதவர். எங்கே பார்த்தார், யாரிடம் கற்றார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உருவத்தின் நடுவில் அக்காவை உட்காரவைத்து உடுக்கையை அடித்தார். அக்காவின் தலை சுற்ற ஆரம்பித்தது.

"யாரு நீ? எங்கேருந்து வந்த?"

உடுக்கை வேகம் கூடியது.

"சொல்லுறியா, மொளகாப் புகை போடவா? எப்ப இவ வயித்துக்குள்ள போன?"

அக்கா வாய் திறந்தாள். அவள் குரல்தான், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது. "நான் எங்கேருந்தும் வரல. இவ ஆத்தா வயித்துல கெடந்தப்பவே நானும் இவளுக்குள்ள கெடந்தேன்."

கூட்டத்தில் யாரோ "ஐயோ சாமி" என்றார்கள். எனக்கு வேறு நினைவு வந்தது. பெண் குழந்தை தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் முட்டைகள் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன, பிறந்தபின் புதிதாக ஒன்றும் உண்டாவதில்லை என்று வகுப்பில் எழுதியிருந்தேன். அக்காவிடம் நான் அதைச் சொன்னதே இல்லை.

முடியைப் பிடித்து இழுத்து, முடிந்து, ஆணியை வைத்து அடித்தார்கள். பிறகு முடியை அறுத்து அவளைத் தனியே எடுத்தார்கள். அவள் கற்றை மரத்திலேயே நின்றுவிட்டது.

அடுத்த நாள் நான் பஸ் ஏற வேண்டும். அதற்கு முன் தோட்டத்துக்குப் போனேன். அக்கா தொட்டியோரம் உட்கார்ந்திருந்தாள். மச்சான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் மச்சானிடம் பேசக்கூடாத பேச்சு அது. நான் மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முட்டையைச் சொன்னேன், வெடிப்பைச் சொன்னேன். பிறகு ஆணின் பங்கையும் சொன்னேன். விந்து விரைகளில் உண்டாகிறது. உடம்புச் சூடு அதற்கு ஆகாது என்பதால்தான் அவை வெளியே தொங்குகின்றன. ஒரு தடவையில் கோடிக்கணக்கில் வருகிற விந்தணுக்களுக்குத் தலையும் வாலும் உண்டு, அவை நீந்திப் போகின்றன.

"கொழுந்தியா, நீ பேசுறதக் கேட்டு மாடே வெக்கப்படுது" என்றார் மச்சான். தொட்டித் தண்ணீரில் தவளைக்குஞ்சுகள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தார். "இது கணக்காவா?"

"இது கணக்காத்தான். கண்ணுக்குத் தெரியாது."

"அம்புட்டும் எனக்குள்ளயா?"

"அம்புட்டும்."

அவர் தொட்டியைவிட்டு ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

நான் முக்கியமானதைச் சொன்னேன். "முட்டை வெளிய வந்தா ஒரு நாளுக்கு மேல தாங்காது. உங்களோடது அவளுக்குள்ள ரெண்டு மூணு நாள் உசிரோட இருக்கும். அதனால கடிக்கிறதுக்கு முன்னாடியே போய்க் காத்துக்கிட்டு இருக்கணும். நீங்க என்ன செய்றீக? அந்த நாளாப் பாத்துக் கட்டில தூக்கிக்கிட்டு ஓடிப்போறீக. புள்ள எப்படி வரும்?"

"நீ சொல்றது பொய்யா இருந்தா?" என்று அக்கா கேட்டாள். "இவுகளுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்."

"ஆணி அடிச்சாச்சு. இனிக் கடிச்சா அத்தை என்னய வண்டியேத்தி விட்டுருவாக."

"கடிக்கும். கட்டாயம் கடிக்கும். நீ சொல்லாத. கையக்கூட அங்க கொண்டுபோகாத. பழத்தப் பறிச்சுக்கிட்டே இரு."

மச்சான் மாட்டை அவிழ்த்தார். "கட்டில் கயிறு அந்துபோச்சுன்னு ஆத்தாகிட்டச் சொல்லிக்கிறேன். வீட்டுலயே படுத்துக்கிறேன்" என்றார். கயிறு புதிது. நானே பார்த்தேன்.

மதுரைக்குத் திரும்பியபின் ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம். படித்தது சரி என்று தெரியும். ஆனால் மண்ணில் கிடந்த சாம்பல் உருவம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. படம் கோடாங்கிக்குத் தெரிந்திருந்தால், புருசன் ரத்தத்தைக் குடிக்கும் என்று அவர் சொன்னதும் உண்மையாக இருக்குமோ? ஒரு மதியம் எனக்கே அடிவயிற்றில் வலது பக்கம் சுருக்கென்றது. வாழ்க்கையில் முதல்முறை. அன்று விடுதி வாசலில் தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தந்தி வேறொருத்திக்கு.

பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். தக்காளிக் காட்டில் அத்தை எதிர்வரிசையில் பறித்துக்கொண்டிருந்தபோது வலது பக்கம் கடித்ததாம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, பறித்த பழத்தைக் கூடையில் போட்டாளாம். "இந்த மாசம் வரலயாக்கும்?" என்று அத்தை கேட்டாள். "வரல அத்தை" என்றாள். அதன்பின் மச்சான் தூங்கும்போதெல்லாம் அவர் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதம் கடியும் இல்லை, தூரமும் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. கன்னிவாடிப் பேச்சை அத்தை விட்டுவிட்டாள். குழந்தையை என் கையில் கொடுத்து, "ஆணி வேல செஞ்சிருச்சுல்ல? நீ என்னமோ டாக்டரு, கீக்டருன்ன" என்றாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. என் கையில் கிடந்த அந்த ஒரு சாண் உடம்புக்குள், அது வாழ்நாளெல்லாம் சுமக்கப்போகிற முட்டைகள் அத்தனையும் அப்போதே இருந்தன. குழந்தை கொட்டாவி விட்டது.

அத்தை ஊர் ஊராகச் சொன்னாள். வேடசந்தூரிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மரத்தில் புதிய ஆணிகள் மின்னின. கையெட்டும் உயரம் நிறைந்து, ஏணி வைத்து அடித்தார்கள். அந்தப் பெண்களில் எத்தனை பேரின் கணவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களோ, எத்தனை பேருக்கு ஆணிடம்தான் குறையோ, யாரும் கேட்கவில்லை. ஆணி அடித்தும் பிள்ளை வராதவர்கள் பிறந்த வீட்டுக்குப் போனார்கள். எனக்குக் கோபமாக இருந்தது. என் பாடத்தின் பேரை மரம் வாங்கிக்கொண்டது என்ற கோபமும் அதில் சேர்த்தி.

பயிற்சி முடிந்து எல்லோரும் திண்டுக்கல் டவுனிலும் மதுரையிலும் இடம் கேட்டபோது, நான் அக்கா வாழ்க்கைப்பட்ட இந்த ஊரைக் கேட்டேன். கேட்டு வாங்கினேன். புளியமரத்துக்குப் போகும் வண்டிப்பாதையில், கோடாங்கி வீட்டுக்கு முந்திய வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். அத்தை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

முதல் வாரம் உச்சிவேளையில் ஒரு பெண் வாசலில் நின்று கேட்டாள். "ஏனுங்க, ஆணி அடிக்கிற மரம் எந்தப் பக்கமுங்க?"

அவள் கணவன் தூரத்தில் வேலியோரம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அவரையும் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க. செத்த நேரம் உக்காருங்க, சொல்றேன்" என்றேன். சுவரில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில், விரித்தே மாட்டியிருந்தேன்.