இயக்குநரின் உதடு

குரங்கணியில் எடுத்த ஒரு சின்னப் படத்தில் நான் ஜீப் ஓட்டுநராக நடித்தேன். நிஜத்திலும் எனக்கு அதுதான் வேலை. படத்தின் இயக்குநர் ஒல்லியானவர், கழுத்தில் எப்போதும் ஈரத் துண்டு கிடக்கும். கேமரா ஓடும்போது நாங்கள் பேச வேண்டியதையெல்லாம் அவரும் சத்தமில்லாமல் வாயசைப்பார். அது அவருக்கே தெரியாது.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன வண்டி உருண்டுவிட்டது என்று, அதில் இறந்தவனின் மனைவியிடம் நான் சொல்ல வேண்டும். அதுதான் அன்றைய காட்சி. ஏலச்செடிகளுக்கு மேல் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"யோவ், உயிரே இல்லய்யா! இன்னொண்ணு!" என்று இயக்குநர் மறுபடி மறுபடி கத்தினார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "சார், உங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னா எனக்கு எம்பேச்சு எப்பிடி வரும்?"

என்னைப் படத்திலிருந்து நீக்கிக் கீழே அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

"நான் என்ன செய்யணும்?" என்றார்.

"அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். கேமரா ஓடியது. மனைவியாக நடித்த பெண், புருஷனுக்குச் சோறு வைத்த தூக்குவாளியோடு வந்தாள். எழுதித் தந்த வசனம் எனக்கு வரவில்லை.

"ஆத்தா, வாளிய இங்க கொண்டா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்தே அவர் 'கட்' சொன்னார். திரும்பியபோது அவருடைய கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

"இன்னொண்ணு வேணுமாண்ணே?" என்று என்னிடம் கேட்டார்.

போடிமெட்டு வளைவுகளில் வண்டி ஏறும்போது இன்றும் அந்த உதடு ஞாபகம் வருகிறது. சும்மா நிற்பதற்கு ஒரு மனிதனுக்கு அத்தனை பாடா?