மூக்கர் வீட்டுக்கு வாசனை வந்த கதை

ஊரில் பாதி வீடுகளின் தரை எலுமிச்சை மணக்கிறது என்றால் அதற்கு மூக்கர்தான் காரணம். ஊருக்கு வெளியே உள்ள தொழிற்சாலையில், தரை துடைக்கும் திரவம் கலக்கிற பிரிவில் அவருக்கு வேலை. பெரிய தொட்டியில் மஞ்சள் எசன்ஸை அளந்து ஊற்றுவார், கலக்குவார், முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டுவார். அவர் ஆட்டிய பிறகுதான் சரக்கு பாட்டிலுக்குள் இறங்கும். அப்படி வந்த பட்டம்தான் மூக்கர். மற்றபடி அது சாதாரண மூக்கு; சளி பிடித்தால் ஒழுகும். எலுமிச்சைக்கும் அந்தத் திரவத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. நிஜமான எலுமிச்சம்பழம் அந்தத் தொழிற்சாலைக்குள் போனது மேலாளரின் டீயோடு மட்டும்தான்.

நாள் முழுக்க மணத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதர், சட்டையை வெளிக்கொடியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். அவர் வீட்டுக்கு வாசனை கிடையாது. நல்ல வாசனையும் இல்லை, கெட்ட வாசனையும் இல்லை. நல்ல தண்ணீருக்கு ருசி இல்லாதது போல. வருடா வருடம் கம்பெனி ஊழியர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் பாட்டில்களை அவர் பிரித்ததே இல்லை. வேண்டாத உறவினரின் கல்யாண ஆல்பம் போல அவை பரணில் கிடந்தன. வீடு கழுவ அவருக்கு வேண்டியது வினிகர், சோடா உப்பு, எலுமிச்சை மூடி, கல்லுப்பு, வெந்நீர், வெயில். இவற்றில் வெயில் இலவசம் என்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

அந்த வருடக் கடைசியில், நீண்ட விடுமுறைக்கு முன்பு மகள் போன் செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து எல்லா விடுமுறையும் அவளுக்கு மாமியார் வீட்டில்தான். மாப்பிள்ளையின் அம்மா தனியாள். அவரை விட்டுவிட்டு மாப்பிள்ளை வரமாட்டார், மாப்பிள்ளையை விட்டுவிட்டு இவள் வரமாட்டாள்.

"அப்பா, இந்த லீவுக்கு அத்தையும் வர்றேன்னு சொல்லிட்டாங்க. மூணு பேரும் வர்றோம்."

"வாங்க கண்ணு, வாங்க."

"அவங்களுக்கு நம்ம வீடு பிடிக்கணும்ப்பா. பிடிச்சா வருஷா வருஷம் வரலாம். பிடிக்கலேன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அதோட சரி, இனிமே எல்லா லீவும் அங்கதான்."

போனை வைத்த மூக்கர், அப்படியே போய் ஜன்னல் திரைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

அடுத்து வந்த நாட்களில் அந்த வீடு பட்ட பாட்டை வீட்டைத்தான் கேட்க வேண்டும். மெத்தைகள் மொட்டை மாடிக்கு ஏறி, ஒரு பக்கம் காய்ந்து, திருப்பிப் போடப்பட்டு, மறுபக்கம் காய்ந்து, அடி வாங்கி இறங்கின. ஜன்னல் கண்ணாடிகளை வினிகர் தண்ணீர் தெளித்துப் பழைய செய்தித்தாளால் தேய்த்தார்; செய்தித்தாளால் நாட்டுக்கு ஆகிற உபயோகம் அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். கெட்டிலின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பாறையை வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பெயர்த்தார். செம்புப் பாத்திரம் எலுமிச்சை மூடியும் உப்பும் பட்டுப் புது மாப்பிள்ளை போல மின்னியது. சமையலறைத் தொட்டி அடைப்பில் சோடா உப்பைக் கொட்டி அதன் தலையில் வினிகரை ஊற்ற, அது இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே மேடையில் ஏறியது போலப் பொங்கி அடங்கியது. விருந்தாளி அறையிலிருந்து ஓடாத தையல் மிஷின், கால் ஆடுகிற நாற்காலி, யாரும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிள் மூன்றும் வெளியேறின. கட்டில், ஒரு மேஜை, துவைத்த விரிப்பு, திறந்த ஜன்னல். அவ்வளவுதான் மிச்சம்.

மூக்கரின் மனைவி துணிக்கடையில் ரெடிமேட் சட்டைகளுக்கு அளவு குறைத்துத் தைப்பவர். எதைப் பார்த்தாலும் எங்கேயாவது கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கருத்து. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றார்.

"எல்லாம் சரிங்க. ஆனா தொடைச்ச மாதிரியே இல்லியே."

"தரையில மொகம் தெரியுது."

"கண்ணுக்குத் தெரியுது. மூக்குக்கு?"

மூக்கர் அந்தக் கேள்வியை இந்த வீட்டில் எதிர்பார்க்கவில்லை.

"சம்பந்தியம்மா வீட்ல காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ உங்க கம்பெனி சரக்கத்தான் போட்டுத் தொடைக்கிறாங்களாம். பொண்ணு எத்தனை தடவ சொல்லியிருக்கா. அங்க தெருமுனையிலயே மணக்குமாம். அப்படிப்பட்டவங்க இங்க வந்து மூச்சு இழுத்தா ஒண்ணுமே வரலேன்னா என்ன நெனப்பாங்க?"

"சுத்தமா இருக்குன்னு நெனப்பாங்க."

"தொடைக்கவே இல்லேன்னு நெனப்பாங்க. அதுவும் செய்யற ஆள் வீட்லயே அந்தச் சரக்கு இல்லேன்னா? ஹோட்டல் மொதலாளி பக்கத்துக் கடையில போய் சாப்பிட்ட மாதிரி இருக்கும்."

மகளின் குரல் மூக்கரின் காதுக்குள் 'அதோட சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. பரணில் ஏறினார். ஒரு பாட்டிலை இறக்கித் தூசி துடைத்தார். ஒரு மூடிதான் ஊற்றுவது என்று தீர்மானித்து ஒரு மூடி ஊற்றினார். மனைவி பார்த்துக்கொண்டே நின்றதால் இன்னொரு மூடியும் ஊற்றினார்.

விருந்தாளிகள் வந்தார்கள். மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுருக்கி, "அப்பா, என்னப்பா இது நம்ம வீட்ல..." என்று ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா பெட்டியை வாங்குகிற சாக்கில் அவள் காலை மிதித்தார். மாப்பிள்ளை எதையும் கவனிக்காமல் போன் சார்ஜ் போட இடம் தேடினார். சம்பந்தியம்மா வாசற்படியில் நின்று ஒரு மூச்சு இழுத்தார். பாதியில் நிறுத்தினார். சிரித்தார்.

"ஆகா. சம்பந்தி கை வாசனை."

மூக்கருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மூக்கு மட்டும் எரிந்தது.

ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் சம்பந்தியம்மாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே தயங்கித் தயங்கிப் போனது. "போதும், போதும், வயிறு நெறைஞ்சுது" என்றார். ஒரு குருவிக்குக்கூட நிறைந்திருக்காது. சாப்பிட்டதும் பால்கனிக்குப் போய்விட்டார். காற்று நன்றாக வருகிறது என்றார். மரத்தில் இலை அசையாத மத்தியானம் அது. மறுநாள் காய்ந்த துணியை எடுத்து வருகிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனார், அரைமணி கழித்து ஒரு கைக்குட்டையோடு திரும்பி வந்தார். சாயங்காலம் டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"நாளைக்கு சாயங்காலம் கெளம்பலாம்னு பாக்கறேன் சம்பந்தி. செடிக்குத் தண்ணி ஊத்த அங்க ஆளில்ல."

"அதுக்குள்ளயா? லீவு பூராவும் இருக்கே."

"பாவம், வாயில்லாத ஜீவன் பாருங்க."

மகள் அப்பாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை வீட்ல செடியே கெடையாதுப்பா."

"ஒண்ணு கூடவா?"

"பிளாஸ்டிக் பூ ஒரு ஜாடி இருக்கு. அதுக்கு யார் தண்ணி ஊத்துவா? அவங்களுக்கு இங்க ஏதோ பிடிக்கல. என்னன்னு சொல்ல மாட்டாங்க. நான்தான் சொன்னேனே."

அவள் கண் கலங்கியது வருத்தத்தாலா, வெங்காயம் நறுக்கியதாலா என்று மூக்கர் ஆராயவில்லை. எங்கே தவறினோம் என்று வீடு முழுக்கத் தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், கதவின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி கிடைத்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் புலப்பட்டது: அங்கே இரண்டு வேளை, இங்கே ஒரு வேளை. மாப்பை எடுத்தார். இந்தத் தடவை மூடியால் அளக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குள் உட்கார மூக்கராலேயே முடியவில்லை. கொடிக்கம்பியில் துரு ஏறியிருக்கிறது, துணியில் கறை பிடிக்கும் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, வினிகர் வாளியும் எலுமிச்சை மூடியுமாக மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனால் அதன் நிழலில் ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். முந்தானையால் விசிறிக்கொண்டு, மணக்காத காற்றை ஆசை ஆசையாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒரே இடத்தில் ஒளிந்த பிள்ளைகள் மாதிரி விழித்தார்கள்.

"வெயிலா இருக்கே, உள்ள வந்து உக்காருங்களேன்."

"பரவால்ல சம்பந்தி. வெயில் ஒடம்புக்கு நல்லது. நீங்க?"

"நானும் சும்மா... ஒடம்புக்குத்தான்."

மூக்கர் வாளியை வைத்தார். துணியை முக்கிப் பிழிந்து கம்பியைத் துடைக்கத் தொடங்கினார். சம்பந்தியம்மாவின் மூக்கு மெல்லத் திரும்பியது.

"அது என்ன?"

"வினிகர். கொஞ்சம் எலுமிச்சை."

"நெஜ எலுமிச்சையா? இங்க குடுங்க." மூடியை வாங்கி முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை முகர்ந்தார். "இது எலுமிச்சைன்னா, அப்ப கீழ இருக்கே, அது என்ன?"

"அது எங்க கம்பெனி" என்றார் மூக்கர்.

சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அது அடங்கியதும் குரலைத் தணித்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்த வாசனையில தினமும் எப்படி இருக்கீங்க?"

"தினமும் எங்க? நீங்க வர்றீங்கன்னுதான் போட்டேன்."

"எனக்காகவா?"

"நீங்க அங்க ரெண்டு வேளையும் போடறீங்கன்னு பொண்ணு சொன்னா. உங்களுக்கு அதுதான் பிடிக்கும்னு..."

"எனக்கு அது தலைவலி சம்பந்தி. ஒரு பக்கமா ஆரம்பிச்சு பின்மண்டை வரைக்கும் வலிக்கும். நான் அத ஏன் போடறேன் தெரியுமா? புது எடத்துக்கு வந்த பொண்ணு, அப்பா செய்யற சாமான் மணந்தா பொறந்த வீட்ல இருக்கற மாதிரி இருக்கட்டுமேன்னு."

மூக்கர் துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். அதில் பிழிய ஒன்றும் மிச்சமில்லை.

"இந்த வீட்ல அது இருந்ததே இல்லியே. அவ அதோட வளரவே இல்ல."

"அட கடவுளே. அப்ப அவளுக்கு?"

அவளைக் கூப்பிட்டார்கள். மகள் படியேறி வந்து இரண்டு முகங்களையும் பார்த்துப் பயந்துபோனாள். மாமியார் கேட்டார், "நம்ம வீட்ல தொடைக்கிற வாசனை உனக்குப் பிடிக்குமா? நெஜத்தச் சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். எந்தப் பக்கம் சொன்னாலும் ஒரு பக்கம் இடிக்கும்.

"உங்களுக்குப் பிடிச்சதாச்சேன்னு நான் ஒண்ணும் சொல்லல அத்தை. நான் ஏன் எப்பவும் ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கேன்னு நெனச்சீங்க?"

"கவிதை எழுதறவ போலிருக்குன்னு நெனச்சேன்."

ஆக, இரண்டு வீடுகளிலும் யாருக்கும் பிடிக்காத ஒன்றை எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த மரியாதையால் தேய்த்துத் தேய்த்துப் பூசிவந்திருக்கிறார்கள். எதிரிகளாக இருந்திருந்தால் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள். சுமுகமான சம்பந்திகளுக்கு அந்த வசதி இல்லை.

சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். கீழே வந்ததும் எல்லா ஜன்னல்களும் திறந்தன. வெந்நீர் கொதித்தது. மூக்கர் வினிகர் ஊற்ற, சம்பந்தியம்மா மாப்பைப் பிடுங்கிக்கொண்டார். மூக்கரின் மனைவி, "ஐயோ, நீங்க போய்..." என்று ஓடிவந்ததற்கு, "நான்தானே வரவழைச்சேன், நானே வெரட்டறேன்" என்று பதில் வந்தது. மாப்பிள்ளை சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார். வாசனையை விரட்டுகிறோம் என்றதற்கு, எந்த வாசனை என்றார்; அவருக்கு வாசனையே தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு தடவை கழுவியும் மணம் போகவில்லை.

"என்ன சம்பந்தி, இது போகவே போகாதா?"

"மூணு நாள் நிக்கும்னு பாட்டில்லயே போட்டிருக்கோம்" என்றார் மூக்கர் சங்கடத்தோடு. "அதுல இருக்கறதுலயே நெஜம் அது ஒண்ணுதான்."

"மூணு நாளா? நேத்து ராத்திரி வேற ஊத்தியிருக்கீங்க." சம்பந்தியம்மா மாப்பைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து வீட்டை ஒரு பார்வை பார்த்தார். "அது போறதப் பாக்காம நான் எங்க கெளம்பறது?"

மகள் ஓசைப்படாமல் உள்ளே போனாள். அத்தையின் பெட்டியிலிருந்து மடித்து வைத்த புடவைகளை எடுத்து, வெயிலில் காய்ந்த விரிப்பின் மேல் அடுக்கினாள்.

மணம் மூன்று நாளில் போனது. அதற்குப் பிறகு கிளம்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. சம்பந்தியம்மா இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், மத்தியானம் விருந்தாளி அறையில் குறட்டை விட்டுத் தூங்கினார், செம்புப் பாத்திரத்தின் அடிப்பக்கம் சரியாகத் தேய்க்கப்படவில்லை என்று மூக்கரின் முகத்துக்கு நேரே சொன்னார். இப்படி முகத்துக்கு நேரே சொன்னது மகளுக்கு எல்லாவற்றையும் விட நிம்மதியாக இருந்தது.

விடுமுறை முடிந்து புறப்படுகிற அன்று சம்பந்தியம்மா வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே பேசினார்.

"வருஷக் கடைசி லீவு இனிமே இங்கதான். அது முடிவாயிடுச்சு."

மூக்கர் மகளைப் பார்த்தார். மகள் சிரிப்பை மறைக்கக் குனிந்து பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"ஆனா நடுவுல ஒரு லீவு வருது பாருங்க, அதுக்கு நீங்க ரெண்டு பேரும் அங்க வரணும். எங்க வீடு கல்யாணத்துலேர்ந்து ரெண்டு வேளையும் ஊறிக் கெடக்கு. தனியா என்னால முடியாது."

"கட்டாயம் வர்றோம்" என்றார் மூக்கர்.

"வினிகர் எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, வாங்கி வைக்கிறேன்."

மூக்கர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தெருமுனை வரைக்கும் மணக்கிற வீடு.

"கேன்ல வாங்கிடுங்க சம்பந்தியம்மா" என்றார்.