கண்ணாடிக் குளியலறையும் மஞ்சள் வாளியும்

போன வருஷம் மாசி மாதம். குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் சம்பா அறுவடை முடிந்து, வயலில் தாள் மட்டும் மிஞ்சியிருந்த நேரம். தஞ்சாவூரில் என் மகளுக்குக் கல்யாணம்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து முதல் தடவையாகச் சம்பந்திகளை ஓட்டலில் தங்கவைக்கப் போகிறேன். விடுவேனா? பல ஊர்களில் கிளை உள்ள, நடுத்தர வாடகை ஓட்டல் அது. பாதி அறைகளைப் புதுப்பித்திருந்தார்கள், பாதி பழையபடியே. முன்னாடியே போய் இரண்டையும் பார்த்தேன். பழைய அறையில் மெரூன் போர்வை, முனகுகிற பீரோ, மஞ்சள் வாளி, குவளை. பால்கனியைத் திறந்தால் தண்ணீர் வடிந்த புதுஆற்றுக் கால்வாய். புது அறையிலோ கட்டிலுக்கு அடியில்கூட விளக்கு! குளியலறைக்குச் சுவரே இல்லை, முழுக்கக் கண்ணாடி. மயங்கிவிட்டேன். புதியது சம்பந்திகளுக்கு, பழையது எங்கள் சொந்தங்களுக்கு.

கல்யாணத்துக்கு முதல்நாள் மதியம் மன்னார்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மாலையில் மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் ஆட்கள் குளித்துப் பவுடர் பூசி லாபியில் நிற்கிறார்கள். மாடியிலிருந்து அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒருத்தர்கூட இறங்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கேட்டால், "ரூமுக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கு" என்று வேறெங்கோ பார்க்கிறார். இன்னும் பெரிய ஓட்டலை எதிர்பார்த்திருப்பார்களோ? இந்த மனஸ்தாபத்தோடவா என் பெண் அந்த வீட்டுப் படி ஏறணும்? வேறு ஓட்டல்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டேன்.

சங்கதி கீழே பழைய அறையில் இருந்த மகள் காதுக்குப் போனது. பாதி காய்ந்த மருதாணிக் கையோடு எழுந்தாள். கல்யாணப் பெண் அவங்க ரூமுக்குப் போவதாவது என்று என் அக்கா தடுத்தாள். கேட்கவில்லை, விறுவிறுவென்று மாடியேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

உள்ளே பெண்களெல்லாம் கட்டிலில் வரிசையாய் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியை மறைக்கத் தொங்கவிட்ட போர்வை வழுக்கித் தரையில் கிடந்தது. வாளியும் கிடையாது, தலைக்கு மேலே ஷவர் மட்டும்தான். பின்னிப் பூ வைத்த தலை நனையாமல் எப்படிக் குளிப்பார்கள்? குறை சொன்னால் பெண் வீட்டாரை மட்டம் தட்டியதாகுமே என்று அவர்கள் வாய் திறக்கவில்லை. பழைய அறைக்கு வருகிறீர்களா என்று கேட்க எங்களுக்கும் நாக்கு எழாது. மரியாதை இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டிருந்தது.

மகள் சம்பந்தியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, கீழ பழைய ரூம்ல வாளி இருக்கு, சுவர் இருக்கு. உங்களை அங்க அனுப்புனா ஊரு எங்கப்பாவைப் பேசும். பேசட்டும். நீங்க வாங்க."

சம்பந்தியம்மா அறை அதிரச் சிரித்தார். "மொதல்ல அந்த வாளியக் காட்டும்மா. ஊரை நான் பாத்துக்கிறேன்."

அப்புறம் வராந்தாவெல்லாம் பெட்டியும் பட்டுப்புடவையும் பூக்கூடையுமாய் ஒரே ஊர்வலம். "நாங்கதான் குளிச்சாச்சே, இனிமே மீன் தொட்டியில படுத்தா என்னடா" என்று என்னைக் கேலி செய்துகொண்டே அக்கா மாடியேறினாள். மேளம் தொடங்கியபோது சம்பந்தி வீட்டுப் பெண்கள், முகத்தில் ஈரம் மின்ன, என் மகளைச் சுற்றிச் சிரித்தபடி வந்தார்கள்.

இப்போதும் எந்த ஓட்டலுக்குப் போனாலும் சாவி வாங்கியதும் முதலில் குளியலறைக் கதவைத்தான் திறந்து பார்க்கிறேன். அங்கே வாளியைக் கண்டால் நெஞ்சு தானாக நிமிர்ந்துகொள்கிறது: ஊர் என்ன சொல்லுமோ என்று குனிந்தே நடந்த எங்கள் வீட்டில், முதன்முதலாக, 'பேசட்டும்' என்று சொன்னவள் என் மகள்.